முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: பழைய அமெரிக்க வெள்ளிச் சாமான்களை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளிக் கரண்டி கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பின்பக்கம் வரிசையாக நாலைந்து முத்திரைகள் இருக்கும். மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, சரி என்று சொல்ல ஒரு சிங்கம், எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு ஒரு சின்னம், எந்த ஆண்டு என்பதற்கு ஓர் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். அட்டவணையைப் புரட்டினால் ஆண்டு வந்துவிடும். அதே காலத்து அமெரிக்கக் கரண்டியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். சிலவற்றில் அதுவும் இருக்காது.

பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா எதிலும் லண்டனில் இருந்ததுபோல வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் கூடம் இல்லை. பிலடெல்பியாவின் வெள்ளிக்கொல்லர்கள் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டும் நடக்கவில்லை. சட்டம் போட்டுச் சோதனைக்கூடம் நடத்திய ஊர் பால்டிமோர் மட்டும்தான், அதுவும் 1814 முதல் 1830 வரை. மற்ற இடங்களில் செய்தவரின் பெயர்தான் உத்தரவாதம். அதனால் அமெரிக்க வெள்ளியில் முத்திரை என்பது யாரோ ஒருவர் சொன்ன சொல், அவ்வளவுதான். அந்தச் சொல் உண்மையா என்று பார்க்க வடிவம், எடை, பொறித்த எழுத்து, தேய்மானம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. 1650களிலிருந்து 1840 வரை செய்த சாப்பாட்டு மேசைச் சாமான்களுக்கு இவை பொருந்தும். அமெரிக்காவில் இருந்துகொண்டு எஸ்டேட் சேல் (இறந்தவர் வீட்டுச் சாமான் விற்பனை), பழம்பொருள் கடை என்று சுற்றுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் முதல் பாதி உதவும்.

தொடங்கும் முன்: இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கிழக்குக் கரைக் குடியேற்றங்களில் சொல்லும்படியான வெள்ளிச் சுரங்கம் இல்லை. வந்த வெள்ளியில் பெரும்பகுதி ஸ்பானிய நாணயமாக வந்தது. மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசியிலும் வெட்டி எடுத்து அச்சடித்த எட்டு ரியால் நாணயங்கள் கரீபியன் தீவு வணிகம் வழியாக பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் வந்தன. பொட்டோசியில் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பலர் ஸ்பானிய அரசு கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன ஆண்டீஸ் மலைப் பழங்குடிகள். பளபளக்கும் டீப்பாட்டைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நாணயம் கையில் இருந்தும் வைக்க வங்கி இல்லை. திருடன் எடுத்துப் போனால் ஒரு நாணயத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதை உருக்கிக் குவளையாகவும் கரண்டியாகவும் செய்து, பெயரின் முதலெழுத்தைப் பொறித்துவிட்டால் அடையாளம் இருக்கும். திருட்டுப் போன வெள்ளிச் சாமானின் விவரத்தைச் செய்தித்தாளில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள். பணம் முடை என்றால் திரும்பவும் உருக்கலாம். ஆரம்பகால சாமான்கள் இவ்வளவு குறைவாக மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் மாற்று ஒரே அளவில் இருக்காது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் அளவு ஆயிரத்துக்கு 925. ஸ்பானிய நாணயம் 1728 வரை ஏறத்தாழ 930, பிறகு 917, 1772க்குப் பின் 903 என்று இறங்கிக்கொண்டே வந்தது. உருக்குபவர் மூசையில் எதைப் போட்டாரோ அதுதான் கரண்டியில் வரும்.

பாஸ்டனில் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இருவர் 1652இல் மாசசூசெட்ஸின் நாணயச்சாலையை நடத்த ஆரம்பித்தார்கள். வெள்ளிச் சாமான்களும் செய்தார்கள். மிஞ்சியிருக்கும் அமெரிக்க வெள்ளிச் சாமான்களில் மிகப் பழையவை இவர்களுடையவை. ஹல்லிடம் தொழில் கற்ற ஜெரமையா டம்மர்தான் அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் வெள்ளிக்கொல்லர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த தலைமுறையின் பெரிய கை ஜான் கோனி. அவரிடம் வேலை கற்க பிரான்சிலிருந்து வந்த அப்போலோஸ் ரிவ்வார் என்ற சிறுவன் பிறகு தன் பெயரைப் பால் ரெவியர் என்று மாற்றிக்கொண்டான். அவனுடைய மகன்தான் 1775இல் குதிரையேறிப் போய், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரித்த புகழ்பெற்ற பால் ரெவியர்.

படி 1: தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், முதலில் பாருங்கள்

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, அளவுகோல், மெல்லிய பருத்தித் துணி, சன்னல் வெளிச்சம். பாலிஷ் பக்கமே போகாதீர்கள். கறுத்திருக்கும் பரப்பில் பழைய ஒட்டு, பழுது, அழித்த எழுத்து எல்லாம் தெரியும். பளபளவென்று தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

அடுத்து, இது முழு வெள்ளிதானா? மின்முலாம் பூசிய சாமான்கள் 1840களுக்குப் பிறகு வெள்ளமாக வந்தன. கரண்டியை மேசையில் வைத்தால் குழிவின் அடிப்பக்கம் எந்த இடத்தில் மேசையைத் தொடுகிறதோ அங்கே உற்றுப் பாருங்கள். முலாம் என்றால் அங்கேதான் முதலில் தேய்ந்து, மஞ்சளாகவோ சாம்பல் மஞ்சளாகவோ வேறு உலோகம் எட்டிப் பார்க்கும். காந்தம் வைத்துச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. பித்தளையும் ஜெர்மன் சில்வரும் (வெள்ளியே இல்லாத நிக்கல் கலவை) கூடக் காந்தத்தில் ஒட்டாது.

படி 2: கரண்டியின் கைப்பிடி நுனியைப் பாருங்கள்

உங்கள் கையில் வரப்போவது பெரும்பாலும் கரண்டிதான். பெரிய சாமான்கள் அருங்காட்சியகத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் போய்விட்டன. ஆரம்ப காலத்தில் முள்கரண்டி மிக அரிது, அதைத் தேடி அலைய வேண்டாம். வசதியான வீடுகளில் கரண்டி மட்டும் சிலவாவது இருந்தன. அதன் வடிவம் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்ததால், ஆண்டைக் கணிக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்தவற்றில் தண்டு ஒல்லியாக, நேராக, நுனியில் எந்த அலங்காரமும் இல்லாமல் வெட்டி விட்டதுபோல இருக்கும். குழிவு அத்திப்பழ வடிவம், நுனிப்பக்கம் அகன்று தண்டுப்பக்கம் ஒடுங்கும். இப்படி ஒன்று கடையில் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

1680 முதல் 1710 வரை தண்டு தட்டையாகி, நுனியில் இரண்டு வெட்டு விழுந்து மூன்று இதழாகப் பிரியும். குழிவின் பின்பக்கம் தண்டிலிருந்து எலிவால் போல ஒரு நீண்ட முகடு இறங்கும். சேகரிப்பவர்கள் பேச்சிலும் அதற்கு எலிவால் என்றுதான் பெயர். அழகுக்காக மட்டும் வந்ததல்ல அது. தண்டும் குழிவும் சேரும் இடத்தில்தான் கரண்டி வளையும், முகடு அங்கே பலம் கொடுத்தது. அதன்பின் 1720 வரை அந்த மூன்று இதழ்கள் மழுங்கி, நடுவில் மட்டும் சற்று நீண்டு, நாயின் மூக்கு மாதிரி ஆயின.

1720க்கு மேல் நுனி உருண்டு, மேல்நோக்கி வளையும். தண்டின் முன்பக்கம் நடுவில் ஒரு வரம்பு ஓடும். குழிவு முட்டை வடிவத்துக்கு வருகிறது. எலிவால் குறுகிக் குறுகி, பின்பக்கம் ஒரு சொட்டு போல முடிகிறது. சிலவற்றில் ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டு. நூற்றாண்டின் நடுவில் அந்த இடத்தில் சிப்பி உருவத்தை அச்சில் அடித்திருப்பார்கள். பின்னாளில் பிலடெல்பியாவில் கிளையை அலகில் ஏந்திய பறவையும் வரும். இந்தப் பறவைக் கரண்டி எனக்கு மிகவும் பிடித்த ரகம். மறைவான இடத்தில் இவ்வளவு அழகை வைக்க யாருக்குத் தோன்றியதோ.

உண்மையில் அது மறைவான இடம் இல்லை. அக்காலத்தில் கரண்டியைக் கவிழ்த்து மேசையில் வைப்பார்கள், பின்பக்கம்தான் எல்லோர் கண்ணிலும் படும். அதனால்தான் உரிமையாளர் எழுத்தும் கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும். 1760களிலிருந்து நுனி கீழ்நோக்கி வளையத் தொடங்குகிறது, கரண்டியை மல்லாத்தி வைக்கிறார்கள், எழுத்தும் முன்பக்கத்துக்கு இடம்மாறுகிறது. நுனி எந்தப் பக்கம் வளைகிறது, எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மேல்நோக்கி வளைந்த கரண்டியில் முன்பக்கம் எழுத்து இருந்தால், பின்னால் வந்த சொந்தக்காரர் யாரோ பொறித்திருக்கலாம்.

அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பின், 1780, 90களில் குழிவு கூராகிறது, தண்டு மெலிகிறது. ஓரத்தில் சாய்வாகச் சீவி எடுத்த பளிச்சென்ற வெட்டு வேலை வருகிறது. வைரத்தில் முகம் தீட்டியதுபோல ஒவ்வொரு வெட்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அடுத்தது, 1795 முதல் 1815 வரை, சவப்பெட்டி நுனி. கைப்பிடியின் முனை இரண்டு மூலையும் சாய்த்து வெட்டிய பெட்டி போல இருக்கும். இது அமெரிக்காவுக்கே உரிய வடிவம் என்று சொல்லலாம். பெயர்தான் கொஞ்சம் அபசகுனம், கரண்டி அழகாகவே இருக்கும்.

1810க்கு மேல் கைப்பிடி பிடில் வாத்தியத்தின் உடல் போல அகன்று, குழிவுக்குச் சற்று மேலே இரண்டு தோள் வருகிறது. 1815 முதல் 1835 வரை அதில் கோதுமைக் கதிர்க்கட்டு, பூக்கூடை ஆகியவற்றை அச்சில் அடித்திருப்பார்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது இந்தப் பிடில் ரகம்தான். தகடு மெல்லியது. தேக்கரண்டி ஒன்று பத்துப் பதினைந்து கிராம்தான் இருக்கும்.

படி 3: பெரிய சாமான் என்றால் ஊரின் சாயலைத் தேடுங்கள்

மூடி வைத்த பெரிய குடிகுவளைக்கு டாங்கர்ட் என்று பெயர். பாஸ்டன் டாங்கர்ட் மேலே போகப் போக ஒடுங்கும். ஆரம்பத்தில் தட்டை மூடி, பிறகு கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடி, அதன் உச்சியில் ஒரு குமிழ். அடக்கமான அழகு. நியூயார்க்கில் டச்சுக்காரர் ருசி விடவில்லை. தட்டை மூடியே வெகுகாலம் நீடித்தது. மூடியில் ஒரு நாணயத்தைப் பதிப்பார்கள், அடிவிளிம்பில் இலை வரிசை ஓடும், மூடியைத் தூக்கும் பெருவிரல் பிடி தக்கைத் திருகு போல முறுகியிருக்கும். அதே ஊரில் கார்னீலியஸ் கீர்ஸ்டீட் போன்றவர்கள் செய்த ஆறு மடிப்புக் கிண்ணங்களும் டச்சு வழக்கம்தான். பிராந்தியில் ஊறிய திராட்சையை அதில் போட்டு, விருந்தில் கைமாற்றி, ஆளுக்கொரு கரண்டி எடுத்துச் சாப்பிடுவார்கள். பிலடெல்பியாவின் சாயல் 1780களுக்குப் பின் நன்றாகத் தெரியும். விளிம்பு முழுக்கச் சின்ன மணிவரிசை, அதன் மேல் துளையிட்ட குட்டி வேலி.

ஒரு பக்கம் மட்டும் தட்டையான கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் ஆழமற்ற கிண்ணம் பாரிஞ்சர். கைப்பிடியில் துளைவேலை இருக்கும். 1730 வாக்கிலிருந்து சாவித்துவார வடிவத் துளை நிலைபெற்றது. இங்கிலாந்தில் இதன் மவுசு போன பிறகும் நியூ இங்கிலாந்து (பாஸ்டனைச் சுற்றிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) வீடுகள் விடாமல் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தன.

டீப்பாட்டை வைத்தும் காலத்தைச் சொல்லலாம். கோனி 1710 வாக்கில் செய்த சிறிய பேரிக்காய் வடிவ டீப்பாட் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேயிலை விலை அதிகம் என்பதால் பாத்திரம் சிறிது. 1730, 40களில் ஆப்பிள் போன்ற உருண்டை. 1750க்குப் பின் அதே பேரிக்காயைத் தலைகீழாக நிறுத்தியதுபோல மேலே கனம், கீழே ஒடுக்கம், சுற்றிலும் சுருள் இலையும் சிப்பியும். 1768இல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த படத்தில் ரெவியர் செதுக்கு வேலை தொடங்காத ஒரு டீப்பாட்டைக் கையில் பிடித்திருப்பார், உளிகள் மேசை மேல் கிடக்கும். போர் முடிந்ததும் காட்சி மாறியது. நேர்ச்சுவர் வைத்த நீள்வட்ட டீப்பாட், நேரான மூக்கு.

இந்தக் கடைசி மாற்றத்துக்கு ரோமானியப் பாணி மோகம் ஒரு காரணம், இயந்திரம் இன்னொரு காரணம். அதுவரை வட்டத் தகட்டை இரும்புக் கம்பத்தின் மேல் வைத்து, சுத்தியலால் அடித்து அடித்து, கெட்டிப்பட்டதும் காய்ச்சி இளக்கி, மறுபடி அடித்துத்தான் உடலை எழுப்ப வேண்டும். உருளைகளுக்கு நடுவே அழுத்திச் சீரான தகடு எடுக்க முடிந்ததும், அதை வளைத்து ஒட்டிவிட்டால் போதும் என்றாகிவிட்டது. ரெவியர் 1785 வாக்கில் இப்படி ஒரு தகட்டு உருளை வாங்கிப் போட்டார். ஆகவே உருண்டை டீப்பாட்டின் அடியில் நடுப்புள்ளியைத் தேடுங்கள். கவராயம் வைத்து வட்டம் அளந்த சின்னக் குழி அது. நேர்ச்சுவர் டீப்பாட் என்றால் கைப்பிடிக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடும் ஒட்டு இருக்க வேண்டும். உருண்டையில் செங்குத்து ஒட்டு தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

வடிவம் பற்றிப் பேசும்போது ரெவியர் 1768இல் செய்த விடுதலைப் புதல்வர் கிண்ணத்தை விட முடியாது. பிரிட்டிஷ் அரசு கட்டளையிட்டும், வரியை எதிர்த்த தங்கள் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற மறுத்த 92 மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களைப் பாராட்டி, விடுதலைப் புதல்வர் என்ற எதிர்ப்புக் குழுவினர் பதினைந்து பேர் சேர்ந்து செய்யச் சொன்னது. வடிவத்தின் மூலம் சீனப் பீங்கான் கிண்ணம். தனி அலங்காரம் என்று ஒன்றும் இல்லை, பொறித்த எழுத்தும் சின்னங்களுமே அலங்காரம். 1949இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த சில்லறையும் அதில் சேர்ந்தது. இன்று கோல்ப் போட்டிக்கும் அலுவலகப் பிரிவு உபசாரத்துக்கும் கொடுக்கும் முலாம் கிண்ணங்களில் பல இதன் நகல்தான். அவற்றில் ரெவியர் என்று எழுதியிருந்தால் அது வடிவத்தின் பெயர். ஏமாற வேண்டாம்.

படி 4: பொறித்த எழுத்தைப் படியுங்கள்

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோலத்தான் இதுவும். முக்கோணமாக மூன்று எழுத்து இருந்தால் உச்சியில் குடும்பப் பெயர், கீழே இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி. ஓர் ஊரின் திருமணப் பதிவுகளோடு இந்த மூன்றையும் ஒப்பிட்டால் தம்பதியையே கண்டுபிடிக்க முடியும். எழுத்து ஒற்றை வரியில் இருந்தால் பெரும்பாலும் ஒரே ஆளின் பெயர். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். 1780களுக்குப் பிறகு இரண்டு மூன்று எழுத்தைப் பின்னிச் சுழித்து எழுதும் பாணி வருகிறது.

இன்னொரு விஷயம் தெரியாவிட்டால் தேடல் வழிதவறிப் போகும். அக்காலத்தில் ‘ஜே’ எழுத்துக்குப் பதில் ‘ஐ’ எழுத்தைத்தான் பொறித்தார்கள். ஜான் ஹல்லின் முத்திரை ‘ஐ.ஹெச்.’, ஜான் கோனியுடையது ‘ஐ.சி.’, ஜெரமையா டம்மருடையது ‘ஐ.டி.’. ஐசக்கையும் ஐவனையும் மட்டும் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

குலச்சின்னம் பொறித்திருந்தால் அதை வைத்துப் பெரிய பரம்பரை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பாஸ்டன் வணிகர்கள் பலர் உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல், புத்தகத்தில் அதே குடும்பப் பெயருக்கு நேரே இருந்த சின்னத்தை எடுத்துப் பொறிக்கச் சொன்னார்கள். தேவாலயத்துக்குக் கொடுத்தது என்று எழுதியிருந்தால் அது நல்ல செய்தி. நியூ இங்கிலாந்துத் தேவாலயங்கள் வீட்டில் புழங்கிய குவளைகளையே வழிபாட்டுக்கு ஏற்றன, அவற்றை உருக்காமல் காப்பாற்றின.

படி 5: எடை போட்டுக் கணக்குப் பாருங்கள்

டாங்கர்ட், டீப்பாட் போன்றவற்றின் அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசியால் கீறியதுபோல எண்கள் தெரியும். செய்து முடித்த அன்று இருந்த எடை அது. டிராய் அவுன்ஸ், பென்னிவெயிட் கணக்கு. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், அதில் 20 பென்னிவெயிட்.

உதாரணத்துக்கு, 24 அவுன்ஸ் 10 பென்னிவெயிட் என்று கீறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 24.5 அவுன்ஸ், அதாவது சுமார் 762 கிராம். இன்று 745 இருந்தால் சரி, இத்தனை ஆண்டு தேய்த்ததில் போயிருக்கும். 700 என்றால் எதையோ எடுத்திருக்கிறார்கள். 840 என்றால் எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

சேர்ப்பதா என்று யோசிக்கிறீர்களா? 19ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் பரவியபோது, தாத்தாவின் பீர்க் குவளையை வைத்திருக்கச் சங்கடப்பட்ட குடும்பங்கள் அதன் முன்பக்கம் துளைபோட்டு மூக்கு ஒட்டித் தண்ணீர்ச் செம்பாக்கின. பிறகு வந்த சேகரிப்பாளர்கள் அந்த மூக்கைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தார்கள். இரண்டு வேலையும் உடலில் தடம் விட்டிருக்கும். கைப்பிடிக்கு நேர் எதிரே உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள்.

படி 6: இப்போது முத்திரை

இதற்குள் எந்தக் காலம், எந்த ஊர் என்று ஓர் ஊகம் வந்திருக்க வேண்டும். முத்திரை அதை உறுதி செய்கிறதா, மறுக்கிறதா என்பதுதான் கேள்வி.

17ஆம், 18ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் முதலெழுத்துகள் இதயம், கேடயம், நீள்வட்டம் போன்ற கட்டத்துக்குள் இருக்கும். சிலவற்றில் மேலே கிரீடம். நாள் செல்லச் செல்லக் குடும்பப் பெயர் முழுதாக ஒரு செவ்வகத்துக்குள் வருகிறது. ரெவியரின் நன்கு தெரிந்த முத்திரை அப்படிப்பட்டது, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். அப்பாவும் மகனும் ஒரே பெயர், ஒரே தொழில் என்பதால் அவர்கள் முத்திரைகளைப் பிரித்தறியும்போது கூடுதல் கவனம் தேவை. டாங்கர்ட்டில் கைப்பிடிக்கு இடப்பக்கம் வாய்விளிம்புக்குக் கீழே பாருங்கள், மூடியிலும் பாருங்கள். கரண்டியில் தண்டின் பின்பக்கம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுகு, நட்சத்திரம், மனிதத் தலை, ஒற்றை எழுத்து என்று ஆங்கில முத்திரை வரிசை போலவே குத்தியிருப்பார்கள். இவற்றுக்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை. வாங்குபவருக்கு ஆங்கிலச் சரக்கு போன்ற தோற்றம் வேண்டும், அவ்வளவுதான். 1830 வாக்கிலிருந்து ‘காயின்’, ‘ப்யூர் காயின்’, ‘டாலர்’ என்ற சொற்கள் வருகின்றன. நாணய மாற்று, ஏறத்தாழ ஆயிரத்துக்கு 900 என்று பொருள். ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல் அமெரிக்கச் சாமானில் இருந்தால் பெரும்பாலும் 1850க்குப் பிந்தியது. டிபனி நிறுவனம் 1851இல் அந்த அளவுக்கு மாறியது, கோரம் நிறுவனம் 1868இல்.

முத்திரையில் உள்ள பெயர்தான் கைவேலை செய்தவரின் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பட்டறையில் பயிலுநர்களும் கூலியாட்களும் உண்டு. சார்ல்ஸ்டன் போன்ற ஊர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினக் கைவினைஞர்களும் வேலை செய்தார்கள், அவர்கள் பெயர் வெள்ளியில் ஏறவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவர் தன் முத்திரையையே குத்திய சாமான்கள் என்று அடையாளம் கண்டவை மிகக் குறைவு. கரீபியன் கடலின் செயின்ட் குரோயி தீவிலும் பிலடெல்பியாவிலும் பட்டறை வைத்திருந்த பீட்டர் பென்ட்சன் அவர்களில் ஒருவர். நியூயார்க்கின் மையர் மையர்ஸ், யூதர், தேவாலயத்துக்கும் யூதர் தொழுகைக்கூடத்துக்கும் பணக்கார வீட்டு மேசைக்கும் செய்தார். 1830களில் வரும் பெயர் கடைக்காரருடையதாகவும் இருக்கலாம், வேறு பட்டறையில் மொத்தமாக வாங்கித் தன் பெயரைக் குத்திக்கொள்வார்கள்.

முத்திரையைப் படம் எடுத்து, பெரிதாக்கி, அருங்காட்சியகச் சாமான்களின் படத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்து ஒன்றாக இருந்தால் போதாது. அச்சின் ஓரத்தில் ஒரு சிதைவு, புள்ளி இருக்கும் இடம், கட்டத்தின் வளைவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரே முதலெழுத்துள்ள வெள்ளிக்கொல்லர்கள் ஏராளம்.

படி 7: போலியும் பழுதும்

உடல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோலக் கூராக இருக்கிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முத்திரை உள்ள உடைந்த கரண்டியிலிருந்து அந்தத் துண்டை வெட்டி, விலை உயர்ந்த வேறு சாமானில் பதிக்கும் வேலையும் நடக்கும். முத்திரையைச் சுற்றி வாயால் ஆவி படும்படி ஊதுங்கள். மங்கும் அந்த ஒரு நொடியில் ஒட்டுக்கோடு தெரிந்துவிடும். ஆங்கிலச் சாமானின் முத்திரையை அழித்து அமெரிக்கப் பெயர் குத்துவதும் உண்டு. அழித்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும்.

ஒரே மாதிரி நாலு கரண்டி, நாலிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் என்றால் அச்சு எடுத்து வார்த்தவை. சுத்தியலால் அடித்த இரண்டு கரண்டி அப்படி ஒத்திருக்க வழியே இல்லை.

எல்லாப் பழுதும் குற்றமில்லை. டீப்பாட்டின் மரக் கைப்பிடி மாற்றியிருந்தால் பரவாயில்லை, மரம் எத்தனை நாள் சூடு தாங்கும்? கரண்டிக் குழிவில் ஒடுக்கு எடுத்திருந்தாலும் விடலாம். எழுத்தை அழித்திருந்தால் மட்டும் நான் வாங்க மாட்டேன்.

அமிலம் விட்டு மாற்றுப் பார்க்கக் கூடாது, தழும்பு போகாது. பெரிய தொகை என்றால், கீறாமலே உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பழைய முறையில் சுத்திகரித்த வெள்ளியில் தங்கமும் ஈயமும் துளியளவு தங்கியிருக்கும். பிற்கால மின்பகுப்பு வெள்ளியில் அவை அநேகமாக இருக்காது. அதை வைத்தே பல போலிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

படி 8: கண்ணைப் பழக்கிக்கொள்ள எங்கே போவது?

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், மெட்ரோபாலிட்டன், டெலவேரில் விண்டர்தூர், பிறகு யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம். யேலில் இருக்கும் கார்வன் தொகுப்பு அமெரிக்க வெள்ளிக்குப் பேர்போனது. அந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த எலிஹு யேல், நம் சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து பணம் சேர்த்தவர். பிலடெல்பியா போனால் இன்டிபென்டன்ஸ் ஹாலில் பிலிப் சிங் 1752இல் செய்த மைக்கூட்டுத் தட்டு இருக்கிறது. சுதந்திரப் பிரகடனத்திலும் அரசியல் சட்டத்திலும் கையெழுத்துப் போட அதிலிருந்துதான் மை தொட்டார்கள் என்று சொல்வார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சிற்றூர்க் கடைக்காரர் பெயர் உள்ள பிடில் கரண்டியில் தொடங்குங்கள். வெள்ளியின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் கேட்பார்கள். அடுத்து ஒரு சவப்பெட்டி நுனி. ரெவியர் வேண்டும் என்றால் சொந்தக்காரர் வரலாறு எழுத்தில் இருக்கும் ஏலம் தவிர வேறு எங்கும் பணத்தை எடுக்காதீர்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, உடனே துடைப்பது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. முக்கி எடுக்கும் திரவங்கள் வேண்டாம், அவை செதுக்கு வேலையின் குழியில் இருக்கும் கறுப்பையும் கழுவி, எழுத்தை வெளிறச் செய்துவிடும். கட்டாயம் தேய்க்கத்தான் வேண்டும் என்றால் மென்மையான கால்சியம் கார்பனேட் தூளை (சுண்ணாம்பு அல்ல) தண்ணீரில் குழைத்துப் பஞ்சால் தடவலாம், ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பளிச்சென்ற வெட்டு வேலை உள்ள கரண்டியை அதற்கும் குறைவாக. ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்தக் கூர் கொஞ்சம் போகும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். கம்பளியும் செய்தித்தாளும் அதே காரணத்துக்காக ஆகாது. தினமும் பயன்படுத்தலாமா என்றால், தாராளமாகப் பயன்படுத்துங்கள். கைபட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டே இருந்தால் அவ்வளவாகக் கறுக்காது. முட்டைக்கு மட்டும் வேறு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், உப்புக் கிண்ணத்தில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள்.